எட்டடி லேத் போன பிறகு

எங்கள் பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. சமையலறைக் கதவைத் திறந்தால் நாலடி அகலத்தில் ஒரு நடை, அதைத் தாண்டினால் சிமெண்ட் ஷீட் போட்ட ஷெட். கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் அன்றைக்கு ஒவ்வொரு சந்திலும் இப்படி ஒன்றிரண்டு பட்டறை இருக்கும். எங்களுடையதில் இரும்பு கடைகிற ஒரு எட்டடி லேத், ஒரு நாலரை அடி லேத், ஒரு டிரில்லிங் மெஷின். பம்ப்செட் மோட்டாருக்குள் சுழலும் ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் வேலை. வாரத்துக்கு இரண்டு தடவை கம்பெனி டெம்போ வரும். இரும்புக் கம்பிகளை இறக்கிவிட்டு, கடைந்து முடித்த ஷாஃப்டுகளை ஏற்றிக்கொண்டு போகும். டெம்போக்காரருக்கு ஒரு டம்ளர் டீ. அதைப் போட்டுக் கொடுப்பது என் வேலை.

என் வீட்டுக்காரரும், லேத் கடைவதால் நான் டர்னர் அண்ணன் என்று சொல்கிறவரும் ஒரு மோட்டார் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றவர்கள். அண்ணன் நாலைந்து வயது மூத்தவர், அதனால் இவரைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவாராம். இவர் அன்னூர்ப் பக்கம் தன் பங்குக்கு வந்த மானாவாரிக் காட்டை விற்று எட்டடி லேத்தை வாங்கிப் போட்டபோது, முதல் ஆளாக அவரைத்தான் அழைத்தார். வேலைக்கு வந்த முதல் நாளே அண்ணன் ‘தம்பி’ என்பதை விட்டுவிட்டு ‘மொதலாளி’ என்று ஆரம்பித்துவிட்டார்.

“பழையபடியே கூப்புடுங்கண்ணா, ஒரு மாதிரியா இருக்குது” என்று இவர் சொல்லிப் பார்த்தார்.

“மத்தவங்க முன்னால அது நல்லா இருக்காதுங்க” என்றார் அண்ணன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. எட்டடி லேத் அண்ணனுடையது என்றே ஆகிவிட்டது. சின்ன லேத்தில் இவர் நிற்பார். மேற்கொண்டு இரண்டு பேர் வேலைக்கு இருந்தார்கள். பத்து வருஷம் போல அப்படி ஓடியது.

தொண்ணூறுகளின் பின்பாதியில்தான் மந்தம் வந்தது. அந்த வார்த்தை எல்லார் வாயிலும் இருந்தது. காய்கறிக்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் மந்தம் என்றார்கள். எங்களுக்கு அது டெம்போவில்தான் தெரிந்தது. வாரத்துக்கு இரண்டு முறை வந்தது ஒரு முறை ஆனது. பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு முறை. பிறகு ஒரு மாதம் முழுக்க வரவில்லை. இவர் காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போவார். பர்ச்சேஸ் பார்க்கிறவர் ‘அடுத்த வாரம் பாக்கலாங்க’ என்பார். அவர் மரியாதையான மனிதர். ஒரு தடவை கூட இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் என்று மட்டும்தான் சொல்வார். இவரும் அடுத்த வாரம் போவார்.

வேலைக்கு இருந்த இரண்டு பேரும் தாங்களாகவே வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். டர்னர் அண்ணன் மட்டும் வந்துகொண்டே இருந்தார். சரியாக எட்டு மணிக்கு வருவார். எட்டடி லேத்தின் மேல் மூடியிருக்கும் சாக்கை எடுப்பார், வேஸ்ட் நூலால் துடைப்பார், எண்ணெய் விடுவார். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலு மணிக்கு டீ, ஆறு மணிக்குச் சாக்கை எடுத்து மூடிவிட்டு அவர் கிளம்புவார்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு லேத் ஓடுகிற சத்தம் கேட்டது. டெம்போ வந்துவிட்டது போல என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். எட்டடி லேத்தில் ஒரு பழைய ஷாஃப்டை மாட்டி இவர் கடைந்துகொண்டிருந்தார். அளவு தப்பிப்போய் மூலையில் கிடந்த ஷாஃப்ட் அது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“ஆர்டர் வந்துருச்சுங்களா?” என்று கேட்டேன்.

இவர் திரும்பவில்லை. அண்ணன்தான் பதில் சொன்னார். “இல்லீங்க அம்மணி. சும்மா ஓட்டிப் பாக்கறோமுங்க. ஓடாமயே கெடந்தா மெஷின் கெட்டுப்போகும்.”

மறுநாளும் ஓடியது. அதே ஷாஃப்ட். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கடைந்ததில், முதலில் கட்டைவிரல் தடிமனுக்கு வந்தது, பிறகு சுண்டுவிரல் தடிமன். பத்துப் பன்னிரண்டு நாளில் பென்சில் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் அது வளைந்து தெறித்தது. அப்புறம் மூலையிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டினார்கள்.

மெஷின் கெட்டுப்போகும் என்பதற்காக இல்லை அது என்று எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. எதிர்ச் சந்தில் பட்டறை வைத்திருந்தவர் ஒரு நாள் பேப்பர் வாங்கிப் படிக்க வந்தார். “பரவால்லீங்க, உங்களுக்கு வேலை ஓடுதாட்ட இருக்குது” என்றார்.

“ஏதோ ஓடுதுங்க” என்றார் இவர்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். இவர் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன். எதிர்ச் சந்துப் பட்டறையிலும் தினமும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அங்கே என்ன கடைகிறார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

வேலை இல்லாத வாரத்துக்கும் இவர் அண்ணனுக்குச் சம்பளம் கொடுத்தார். வாங்கும்போது அண்ணன் மெஷினைப் பார்த்துக்கொண்டே வாங்குவார். இதை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ‘நாளைக்குச் சொல்லிர்றேன்’ என்று இவர் ஒரு வாரமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டீயை எடுத்துக்கொண்டு நடையில் இறங்கினேன். என் முகத்தைப் பார்த்தே இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“அண்ணா, ஒண்ணு சொல்லோணுங்க.”

“சொல்லுங்க அம்மணி.”

“இனி இங்க வேலை வரும்னு எனக்குத் தோணலீங்க. நீங்க வேற பக்கம் பாத்துக்கங்க.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். “திருப்பூர்ல ஒருத்தர் மூணு மாசமாக் கூப்புட்டுட்டே இருக்கறாருங்க. அங்க சாயப்பட்டறை மெஷினுக்கு ரோலர் கடைய ஆளே கெடைக்கறதில்லையாமா. மொதலாளியத் தனியா உட்டுப்போட்டுப் போறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. அதான் இருந்துட்டேன்.”

“நீங்க போனாத்தானுங்க அவரும் வேற என்னமாச்சும் யோசிப்பாரு.”

“செரிங்க அம்மணி” என்றார்.

லேத்தை ஒரு தடவை துடைத்தார். அளவு பார்க்கிற தன் சொந்த வெர்னியர், மைக்ரோமீட்டர், நாலைந்து டூல் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்று, “மொதலாளி, போயிட்டு வாரனுங்க” என்றார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. “செரிங்ண்ணா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மறுபடியும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். அண்ணன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். நான் டம்ளரை எடுத்து வந்து கழுவி வைத்தேன். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை. முடிந்தது என்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் டிரில்லிங் மெஷினில் நின்றேன். இவர் முதலில் வேண்டாம் என்றார், இரண்டாவது முறை ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் கிரில் செய்கிறவர்கள் பட்டைக் கம்பியில் ஓட்டை போடக் கொண்டுவருவார்கள். சேலைக்கு மேலே இவருடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டு, பின்னலைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நிற்பேன். கைப்பிடியை இழுத்தால் டிரில் இறங்கும், விட்டால் ஏறும். இருநூறு ஓட்டை போட்டால் ஒரு பொழுது போய்விடும். எதையும் நினைக்க வேண்டியதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. மகள் அப்போது ஒன்பதாவது. ஒரு நாள் சாப்பிடும்போது, “அம்மா, சோத்துல பட்டறை வாசம் அடிக்குது” என்றாள். முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் அந்த வாசத்துக்குள்ளேயே இருந்திருக்கிறேன்.

இவர் சின்ன லேத்தில் விசைத்தறிக்கு வேண்டிய சின்னச் சின்ன சாமான்களைக் கடைந்தார். அவற்றை ஒரு ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிச் சோமனூர் போவார். அங்கேயும் பாதித் தறி நின்று கிடந்தது. பல நாள் கொண்டுபோன கூடையோடே திரும்பி வருவார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் போல, வேட்டியில் எண்ணெய்க் கறை இருக்கும். நான் அதைத் துவைப்பேன். போகாது.

ஒரு நாள் கம்பியைச் சரியாகப் பிடிக்காமல் விட்டுவிட்டேன். டிரில் அதைச் சுழற்றி என் முன்கையைக் கிழித்துவிட்டது. இவர்தான் ஓடிவந்து சுவிட்சை நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். டாக்டர் “வலிக்குதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்னால் கேட்ட கேள்வி அது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் தைரியத்தைக் காட்டச் சொல்லவில்லை. உண்மையிலேயே வலி இன்னும் வந்து சேரவில்லை. வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் இவர் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரத்தம் பட்ட சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார். “இந்தச் சட்டை இனி வேண்டாம். வேற ஒண்ணு தாரேன்” என்றார். மெஷினில் நிற்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும்.

டர்னர் அண்ணன் போய் ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கி வந்திருந்தார். முன்னறையில் நாற்காலியைப் போட்டேன். எங்கள் வீட்டில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் பட்டறை ஸ்டூல்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

திருப்பூரில் தனியாக ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருப்பதாகச் சொன்னார். ரோலர் வேலை குவிந்து கிடப்பதாகவும், நீளமான லேத் ஒன்று வேண்டியிருப்பதாகவும் சொன்னார். அதோடு நிறுத்திவிட்டார். நான் ஆரஞ்சை உரித்துத் தட்டில் வைத்தேன்.

“வெளிய வாங்கலாமுங்க மொதலாளி. ஆனா நம்ம எட்டடி லேத்தோட குணம் எனக்குத் தெரியும். அதான் உங்களைக் கேக்கலாம்னு வந்தேன். தப்பா இருந்தா உட்ருங்க.”

இவர் ஒரு சுளையை எடுத்துக் கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். “எப்ப எடுத்துக்கறீங்க?” என்று கேட்டார்.

விலை பேசியது விசித்திரமாக இருந்தது. அண்ணன் ஒரு தொகையைச் சொன்னார். இவர், பழைய மெஷினுக்கு அவ்வளவு வேண்டாம் என்று குறைத்தார். அண்ணன் அப்படி இல்லை என்று ஏற்றினார். விற்கிறவர் இறக்க, வாங்குகிறவர் ஏற்ற, பேசி முடிப்பதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது. வேறு யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

புதன்கிழமை லாரி வந்தது. சந்துக்குள் லாரி நுழையாது. அதனால் லேத்துக்கு அடியில் இரும்புப் பைப்புகளைக் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி, உருட்டி உருட்டித்தான் தெருமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். அண்ணன் ஐந்து ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். லேத் நகர நகரப் பின்னால் விடுபடும் பைப்பை எடுத்து முன்னால் போடுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அதை இவர் செய்தார். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது ஒரு மணி வரைக்கும் ஆனது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். எதிர்ச் சந்துப் பட்டறைக்காரர் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரும் ஒரு பக்கம் தள்ளினார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். அழுகை வரும் என்று முந்தானையைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். வரவில்லை. குக்கர் எத்தனை விசில் வந்தது என்று எண்ணத் தவறிவிட்டேனே என்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

லாரி போன பிறகு ஷெட்டில் லேத் நின்ற இடத்தில் காங்கிரீட்டிலிருந்து போல்ட்டுகள் விரல் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. இவர் சாப்பிடாமலே ரம்பத்தை எடுத்து அவற்றை ஒவ்வொன்றாகத் தரை மட்டத்துக்கு அறுத்தார். “ஆராச்சும் தடுக்கி உளுந்துருவாங்க” என்றார். அறுத்து முடித்ததும் கை கழுவிவிட்டு வந்து சாப்பிட்டார். சாதம் குழைந்திருந்தது.

ஆறு மாதம் கழித்து அண்ணன் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தார். லேத்தில் கியர் பக்கம் ஏதோ சத்தம் வருகிறதாம், ஒரு எட்டு வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். இவர் காலையில் போனவர் மூன்று நாள் கழித்துத்தான் வந்தார். சட்டை முழுக்க எண்ணெய். கியர் முதல் நாளே சரியாகிவிட்டதாம்.

“அங்க வேலை நெறையக் கெடக்குது புள்ள” என்றார். சட்டையைக் கழற்றிக்கொண்டே, “வாரம் பூரா வரச் சொல்றாரு” என்றார்.

“போங்க.”

“கேக்கறவங்களுக்கு என்னன்னு சொல்றது?”

“திருப்பூர்ல வேலைன்னு சொல்லுங்க. கோயமுத்தூர்ல பாதிப் பேரு இப்ப அப்படித்தானுங்க சொல்றாங்க.”

திங்கட்கிழமையிலிருந்து போகத் தொடங்கினார். ஆறரை மணி பஸ். நான் நாலரைக்கு எழுந்து சமைத்து டிபன் கேரியரில் போட்டுக் கொடுப்பேன். சம்பளத்தை அண்ணன் இவர் கையில் ஒரு தடவையும் கொடுத்ததில்லை. சனிக்கிழமை ஒரு கவரில் போட்டு டிபன் கேரியர் பையில் வைத்துவிடுவார். இவரும் அதைத் தொட மாட்டார். பாத்திரம் கழுவ எடுக்கும்போது நான் எடுத்துக்கொள்வேன். இதைப் பற்றி நாங்கள் யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தானாக அப்படி அமைந்துவிட்டது.

கூப்பிடுவதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. அண்ணனால் மொதலாளி என்று சொல்ல முடியவில்லை, அங்கே மற்ற ஆட்கள் அண்ணனைத்தான் அப்படிக் கூப்பிட்டார்கள். வேறு எப்படியும் கூப்பிடவும் வாய் வரவில்லை. ‘ஏனுங்க’, ‘இங்க பாருங்க’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் ஒரே ஷெட்டுக்குள் நடமாடியிருக்கிறார்கள். இவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். இரண்டு மூன்று மாதம் அப்படியே போயிருக்கிறது. ஒரு நாள் பெரிய ரோலர் ஒன்றைக் கடைகிறபோது அவசரத்தில் அண்ணன் திரும்பாமலே கையை நீட்டி, “தம்பி, அந்த மைக்ரோமீட்டர எடு” என்று சொல்லிவிட்டாராம். சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம். இவர் எடுத்துக் கொடுத்தாராம்.

அன்றைக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் இதைத்தான் சொன்னார். “இன்னைக்குத் தம்பின்னு கூப்புட்டாரு.” இன்னொரு தோசை கேட்டார். அவர் தானாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. நான் ஊற்றிப் போட்டேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, ஆனால் அடுப்பு முன்னால் நிற்கும்போது கால் வலிப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வருஷம் திரும்பியபோது சின்ன லேத்தும் அண்ணனுடைய ஷெட்டுக்கே போய்விட்டது. அதற்கு நான் வாசலில் போய் நிற்கக்கூட இல்லை. கிரில்காரர்கள் தங்களுக்கே ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கிக்கொண்டார்கள். எங்களுடையதை ஒரு பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். காலி ஷெட்டுக்கு, மெஷின் ஓட்ட வாங்கிய த்ரீ பேஸ் கரண்ட் எதற்கு? ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதாமாதம் கட்டணம் வந்தது. இவருக்கு லீவு கிடைக்காததால் நான்தான் லைனை ஒப்படைக்க மின்சார ஆபீசுக்குப் போனேன். படிவத்தில் காரணம் என்று ஒரு இடம் இருந்தது. என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவுண்டரில் இருந்த அம்மா எட்டிப் பார்த்து, “தேவையில்லைன்னு எழுதுங்க, போதும்” என்றார். எழுதினேன்.

நாலு நாள் கழித்து லைன்மேன் மீட்டரைக் கழற்ற வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஏணியை வைத்து ஒயரை விடுவித்துக்கொண்டே, “என்னங்கம்மா ஓடிட்டு இருந்துது இங்க?” என்று கேட்டார்.

லேத் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஷாஃப்டைப் பற்றிச் சொன்னேன், டெம்போவைப் பற்றிச் சொன்னேன். சந்துக்குள் மெஷினை உருட்டிக்கொண்டு போனதைச் சொன்னேன். கையை நீட்டித் தையல் தழும்பைக் கூடக் காட்டினேன். யாரோ பக்கத்தில் நின்று பேசுவது போல என் குரலை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம், அவர் குறுக்கே பேசவில்லை. கட்டிங் பிளேயரைக் கையில் பிடித்தபடி ஏணியின் இரண்டாவது படியில் நின்று முழுவதையும் கேட்டார்.

நான் நிறுத்தியதும், “எங்க மாமனும் மில்லுல இருந்தாருங்க. மூடிட்டாங்க” என்றார்.

“இப்ப என்னங்க பண்றாரு?”

“சும்மாதானுங்க இருக்கறாரு.”

ஒரு தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்து மூன்றாவது வீட்டிலும் மீட்டரைக் கழற்ற வேண்டும் என்று சொல்லி, அங்கே நாய் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் பகலில் கட்டித்தான் வைத்திருப்பார்கள் என்று சொன்னேன்.